விதைக்கு ஒரு கணக்கு, மருந்துக்கு ஒரு கணக்கு

ஆடி பிறப்பதற்கு முன்பே கொங்கு நாட்டு வாட்ஸ்அப் குழுக்களில் நோட்டீஸ்கள் வரத் தொடங்கிவிடும். கோபி, சத்தி, பெருந்துறை, தாராபுரம், பொள்ளாச்சி என்று ஏதாவது ஓர் ஊர். கல்யாண மண்டபமோ தோட்டத்துச் சாளையோ, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. காலையில் நாட்டு விதை சேகரிப்பு, மதியம் கம்பஞ்சோறும் கொள்ளுப் பருப்பும், சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டிலேயே கைமருந்து செய்யும் பயிற்சி. கலையும்போது ஆளுக்கு ஐந்தாறு விதைப் பொட்டலமும் ஒரு கஷாயப் பொடியும் கையில் இருக்கும்.

விதையையும் மருந்தையும் ஒரே நாளில் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. கொங்கு வீடுகளில் இரண்டும் ஒரே ஆளின் பொறுப்பில் இருந்தவை. அட்டாலியில் (பரணில்) சாம்பல் கலந்து வைத்த அவரை விதை எந்த மொடாவில் இருக்கிறது என்று அமுச்சிக்குத்தான் தெரியும். பேரனுக்கு வயிறு உப்பினால் வசம்பைச் சுட்டு உரைப்பதும் அவர்தான். செடியைப் பார்த்த மாத்திரத்தில் இனம் காண்பது, எந்தப் பருவத்தில் பறிப்பது, எப்படிக் காய வைப்பது, பூச்சி அண்டாமல் எப்படிக் கட்டி வைப்பது என இரண்டு வேலைக்கும் தேவையான கைப்பழக்கம் ஏறக்குறைய ஒன்றுதான்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். 'செஞ்சு பாருங்க, வந்தா சரி, வராட்டி மறுபடி பாருங்க' என்பது விதைக்கு மிகச் சரியான பாடம். மத்தியான வகுப்புக்கும் அதே பாடத்தை நீட்டினால் ஆபத்து. விதையில் பிசகினால் ஒரு பட்டம் போகும், அடுத்த பட்டத்தில் திருத்திக்கொள்ளலாம். மருந்தில் பிசகினால் ஈரலோ சிறுநீரகமோ போகும். இந்த வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்லும் பயிலரங்குகள் குறைவு. அதைச் சொல்ல, முதலில் இந்த மண்ணின் பின்னணியைப் பார்த்துவிடலாம்.

தமிழ்நாட்டில் நாட்டு விதை என்றாலே பலருக்கும் நெல்தான் நினைவுக்கு வருகிறது. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, பூங்கார் என்று பெயர்கள் பரவியதற்கு, திருத்துறைப்பூண்டி பக்கம் 'நெல்' ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாக்கள் பெரிய காரணம். அது காவிரிப் படுகையின் கதை. கொங்கில் கோபி, பவானி, ஆழியாறு பாசனப் பகுதிகளை விட்டால் நெல் ஓரமாக நிற்கும் பயிர்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் இந்தச் சமவெளியில் ஆண்டு மழை பெரும்பாலான இடங்களில் 600, 700 மில்லிமீட்டர்தான். கம்பு, சோளம், சாமை, கொள்ளு, தட்டப்பயறு, நரிப்பயறு, எள், ஆமணக்கு, கடலை, கருங்கண்ணிப் பருத்தி என மானாவாரிக் காட்டில் கலந்து விதைத்தவைதான் இந்தப் பகுதியின் விதைச் சொத்து. அதோடு வேலியோரத்திலும் கொட்டகைக் கூரையிலும் ஏறிய சுரை, பீர்க்கு, அவரை.

1955இல் பவானிசாகர் அணை முடிந்து கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது சுமார் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் காடு தோட்டமாகவும் வயலாகவும் மாறியது. கம்பு போன இடத்தில் மஞ்சளும் கரும்பும் நெல்லும் வந்தன. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, தண்ணீர் வந்த காட்டில் கம்பு விதைக்க யாருக்கும் மனம் வராது. அடுத்து வந்தது வீரிய ரகங்களின் காலம். நாட்டின் முதல் வீரியக் கம்பான எச்பி-1 வெளியானது 1965இல். சில ஆண்டுகள் அமோகமாக விளைந்து, அடிச்சாம்பல் நோய் தாக்கிச் சரிந்ததும் அதே கம்புதான். பருத்தியில் பிடி (Bt) என்ற மரபணு மாற்று ரகம் 2002இல் வந்தது. காய்கறி விதை முழுக்கக் கடைப் பொட்டலமாக ஆனது இதற்கெல்லாம் பிந்தியது, ஆனால் அதுதான் வீட்டுக்குள் வரை நுழைந்தது. கம்பு விதை போனதை ஆம்பளைகள் கவனித்தார்கள். அவரை விதை போனதை யாரும் கவனிக்கவில்லை, அது கணக்கில் வராத பெண்களின் பயிர்.

கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கம் வானகம் பண்ணையை உருவாக்கிய இயற்கை வேளாண் முன்னோடி நம்மாழ்வார் (1938–2013) இந்தப் பகுதியின் பயிலரங்குப் பண்பாட்டுக்கு ஒரு முக்கியமான ஊற்று. வட்டமாக உட்கார்ந்து பேசுவது, மண்ணைக் கையில் எடுத்துப் பார்ப்பது, கலந்துகொள்பவரே விதையைக் கொண்டுவருவது போன்ற பழக்கங்களை அங்கே பயிற்சி எடுத்தவர்கள் ஊர் ஊராக எடுத்துப் போனார்கள். இன்னொரு பக்கம் கோவை வேளாண் பல்கலைக்கழகம், கோபியில் மைராடா வேளாண் அறிவியல் நிலையம், காரமடையில் அவினாசிலிங்கம் வேளாண் அறிவியல் நிலையம் என்று அரசு சார்ந்த பயிற்சி இடங்களும் இருக்கின்றன. இரண்டு தரப்பும் ஒன்றை ஒன்று ஓரக்கண்ணால்தான் பார்க்கின்றன. அதனால் நட்டம் கற்க வருபவருக்குத்தான்.

அந்த நட்டத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். பயிலரங்குகளில் விதையை இரண்டாகப் பிரிப்பார்கள்: நாட்டு விதை, ஹைபிரிட் விதை. நிஜத்தில் மூன்று வகை உண்டு. ஒன்று தலைமுறையாக விவசாயி கையில் வந்த நாட்டு ரகம். இரண்டாவது ஆராய்ச்சி நிலையம் தேர்ந்தெடுத்து வெளியிட்ட ரகம். இதில் பெரும்பாலானவற்றில் விதை எடுத்து மறுபடி விதைக்கலாம், குணம் மாறாது. மூன்றாவது, இரண்டு தாய் தந்தை வரிசைகளைக் கலந்த முதல் தலைமுறை வீரிய ஒட்டு. இதில் விதை எடுத்தால் முளைக்கும், காய்க்கும், ஆனால் ஒரு செடி தாத்தாவைப் போலவும் இன்னொன்று பாட்டியைப் போலவும் வந்து நிற்கும். 'ஹைபிரிட் விதை முளைக்கவே முளைக்காது' என்று மேடையில் சொல்வது தவறு. பெரியகுளத்தில் வெளியிட்ட பிகேஎம்-1 தக்காளி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அது அண்ணஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்தே உருவானது. 'கவருமெண்டு விதை' என்ற ஒரே காரணத்துக்காக அதை ஒதுக்குகிறவர், கையில் இருக்கிற நல்ல விதையைத்தான் ஒதுக்குகிறார்.

சின்ன வெங்காயமும் அப்படித்தான். பல்லடம், தாராபுரம் பக்கம் பரம்பரையாகக் காயையே விதையாக வைத்து நடுவார்கள். பட்டறை (வெங்காயத்தைச் சேமிக்கும் கொட்டகை) போட்டு மாதக்கணக்கில் காத்து, ஏக்கருக்கு நூற்றுக்கணக்கான கிலோ காயை மண்ணில் போட வேண்டும். பூத்து விதை கட்டும் கோ.ஆன்-5 ரகத்தைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பிறகு நாற்று விட்டு நடுவது பரவியது. ஆனால் வெங்காய விதை சீக்கிரம் உயிர் விடும் விதை. சாதாரண வீட்டு வெக்கையில் ஒரு வருடத்துக்கு மேல் நம்ப முடியாது. தக்காளி நாலைந்து வருடம் தாங்கும். எந்த விதை எத்தனை நாள் தாங்கும் என்பதைப் பொட்டலத்தின் மேல் எழுதிக் கொடுத்தாலே பாதிச் சண்டை தீரும்.

தக்காளியில் விதை எடுப்பது தொடக்கக்காரருக்கு நல்ல பாடம். தன் பூவிலேயே தான் சூல் கொள்ளும் செடி என்பதால், பக்கத்தில் வேறு தக்காளி இருந்தாலும் கலப்பு குறைவு. நன்றாகக் கனிந்த பழத்தைப் பிழிந்து சாற்றோடு விதையை ஒரு டம்ளரில் ஒன்றிரண்டு நாள் விட வேண்டும். மேலே வெள்ளையாக நுரை படியும், புளித்த வாடை வரும். விதையைச் சுற்றியிருக்கும் வழுவழுப்பான சவ்வு அப்போதுதான் கரையும். தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் சொத்தை மேலே மிதக்கும், நல்லது அடியில் தங்கும். மூன்று நாளுக்கு மேல் விட்டால் டம்ளருக்குள்ளேயே முளை விட்டுவிடும். கழுவிய விதையைக் காகிதத்தில் கொட்டாதீர்கள், பிய்த்தெடுக்க முடியாதபடி ஒட்டிக்கொள்ளும். தட்டிலோ பழைய வேட்டித் துணியிலோ பரப்பலாம். கத்திரியில் காய் மஞ்சளாகி முற்றும் வரை செடியிலேயே விட வேண்டும். கறிக்குப் பறிக்கிற பதத்தில் உள்ள கத்திரியில் விதை இருக்கும், உயிர் இருக்காது.

எல்லாப் பயிரிலும் நடக்கும் ஒரு தவறு உண்டு. முதல் காய்கள் எல்லாம் சமையலுக்குப் போகும். செடி ஓய்ந்த பிறகு கடைசியில் நிற்கிற சூம்பின நாலு காயை 'விதைக்கு விட்டிருக்கேனுங்க' என்பார்கள். அந்த விதையைத் திரும்பத் திரும்ப எடுத்தால், பிந்திக் காய்க்கும் சூம்பின காய்க்கு நாமே தேர்வு நடத்துகிறோம் என்று அர்த்தம். தோட்டத்தின் நல்ல செடிகளில் முதலிலேயே ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட வேண்டும். கட்டிய செடியில் வீட்டில் யாரும் கை வைக்கக் கூடாது. கம்பு போல அயல் மகரந்தத்தில் விளைவதாக இருந்தால் ஒரே ஒரு பெரிய கதிரைத் தேடி எடுப்பது கெடுதல். காட்டின் நடுவிலிருந்து முடிந்த அளவு நிறையச் செடிகளின் கதிரைக் கலந்து எடுத்தால்தான் சில தலைமுறையில் வீரியம் குன்றாமல் இருக்கும்.

இனி சுரை. பயிலரங்குகளில் யானைக்காது வெண்டைக்கும் மூக்குத்தி அவரைக்கும் அடுத்து அதிகம் கைமாறுவது சுரைதான். குண்டு, நீளம், குடுவை என்று வடிவம் வடிவமாக மேசையில் அடுக்கி வைத்தால் பார்க்கவே ஆசையாக இருக்கும். விதை எடுப்பதும் லேசு: கொடியிலேயே காய விட்டு, குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரும்போது உடைக்க வேண்டியதுதான். உடைக்காமல் குடுக்கையாகவே தொங்க விட்டாலும் விதை பத்திரம். கடினமான பகுதி அதற்கு முன்னால், பூவில் இருக்கிறது. சுரையில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. மகரந்தத்தைப் பூச்சிதான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பூச்சிக்கு உங்கள் வேலியும் பக்கத்துத் தோட்டத்து வேலியும் ஒன்றே. அதனால்தான் சான்று விதை உற்பத்தியில் தக்காளிக்கு 25 மீட்டர் இடைவெளி போதும் என்கிறவர்கள் சுரை, பூசணி வகைக்கு 500 மீட்டர் கேட்கிறார்கள். சான்று விதைக்குத் தாயான ஆதார விதைக்கு அது 1000 மீட்டர். மூன்று ஏக்கர் தோட்டத்தில் அரை கிலோமீட்டருக்கு எங்கே போவது?

கையால் சூல் சேர்ப்பதுதான் வழி. நாளை விரியப் போகிற ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் பார்த்து முன்கூட்டியே நூலால் கட்டிவிட வேண்டும். விரியும் நேரத்தில் அவிழ்த்து, ஆண் பூவின் இதழைப் பிய்த்துவிட்டு மகரந்தத்தைப் பெண் பூவில் தடவி, மறுபடி கட்டி, காம்பில் அடையாளம் போட வேண்டும். பூசணிப் பூ விடியற்காலையில் விரியும். சுரையும் பீர்க்கும் பொழுது சாயும் நேரத்தில்தான் விரியும், அவற்றைத் தேடி வருவது அந்திப் பூச்சிகள். காலை பத்து மணிக்குத் தொடங்கி நாலு மணிக்கு முடியும் பயிலரங்கில் விரிந்த சுரைப் பூவை யாரும் பார்ப்பதே இல்லை. செயல்முறை விளக்கம் படத்தில்தான் நடக்கும். வந்தவர்களை இருட்டும் வரை நிறுத்திவைத்து ஒரு பூவைக் கட்டச் சொன்னால், நாள் முழுக்கப் பேசிய பேச்சைவிட அது மனதில் நிற்கும்.

இதை ஏன் இத்தனை நீட்டுகிறேன் என்றால், விதையும் மருந்தும் நேருக்கு நேர் சந்திக்கிற இடம் இந்தச் சுரைதான். சுரையின் காட்டு உறவான பேய்ச்சுரை கடுங்கசப்பு. அதன் மகரந்தம் நம் கொடியில் விழுந்தால் இந்த வருடக் காயில் ஒன்றும் தெரியாது, காயின் சதை தாய்க்கொடியுடையது. உள்ளே இருக்கும் விதைதான் கலப்பு. அதை எடுத்து அடுத்த ஆடியில் போட்டால் அப்போது வரும் காய் கசக்கக் கூடும். 'போன வருசம் நல்லாத்தானுங்க இருந்துச்சு, இந்த வருசம் வாயில வெக்க முடியலீங்க' என்று சொல்பவருக்கு மண்ணில் கோளாறு என்று பதில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். கசப்புக்குக் காரணமான குக்குர்பிட்டாசின் நச்சு. குழம்பில் போட்டால் ஒரு வாயோடு துப்பிவிடுவோம். சர்க்கரைக்கு நல்லது, எடை குறையும் என்று பச்சைச் சுரைக்காயைச் சாறெடுத்து வெறும் வயிற்றில் மூக்கைப் பிடித்துக் குடிப்பவர், மருந்து கசக்கத்தான் செய்யும் என்று நினைத்து முழு டம்ளரையும் இறக்கிவிடுவார். ரத்த வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு, உயிரிழப்பு வரை போயிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதற்கென்றே நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்தது. சுரைச் சாறு கசந்தால் குடிக்கவே கூடாது, குடித்து உபாதை வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது அதன் முடிவின் சாரம். காலை வகுப்பில் சுரை விதையும் மதிய வகுப்பில் சுரைச் சாறும் சொல்லிக் கொடுக்கிறவர்கள் இந்த ஒரு செய்தியைச் சொல்லாமல் விட்டால், நாள் முழுவதும் பேசியும் பேச வேண்டியதை விட்டவர்கள் ஆகிறார்கள்.

வசம்பு இன்னோர் உதாரணம். பயறு விதைக்குள் வண்டு விழாமல் இருக்க, கிலோவுக்குப் பத்து கிராம் வசம்புத் தூள் கலப்பது சோதித்துப் பார்த்த முறை. அதிலுள்ள பீட்டா அசரோன் வண்டின் இனப்பெருக்கத்தையே முடக்குகிறது. 'பிள்ளை வளர்ப்பான்' என்று பேர் வாங்கி, பச்சைக் குழந்தையின் நாக்கில் தடவுவதும் அதே வசம்புதான். எலிகளில் பீட்டா அசரோன் கட்டிகளை உண்டாக்கியதைக் கண்டு அமெரிக்காவில் 1968லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். நம் ஊரில் கிடைக்கும் வகையில் இந்தப் பொருள் கூடுதலாகவே இருக்கிறது. பாட்டி காலத்தில் சுட்டு, ஒரு உரை உரைத்து, நாக்கில் காட்டியது வேறு. இப்போது பொடியாக வாங்கித் தேனில் குழைத்துத் தினமும் ஊட்டுவது வேறு. ஒரு வயதுக்குள் தேனே கூடாது என்பது தனிக் கதை. விதை மொடாவில் வசம்பு இருக்கட்டும், தொட்டில் பக்கம் வேண்டாம் என்பதே என் கட்சி.

விதையைக் காக்கும் மற்ற முறைகளில் பெரிய விவாதத்துக்கு இடமில்லை. துவரைக்குச் செம்மண் கட்டுவது, அவரைக்குச் சாம்பல், பச்சைப் பயறுக்கு விளக்கெண்ணெய்ப் பூச்சு, மொடாவின் அடியில் நொச்சி, வேப்பிலை. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஈரம்தான். விதையில் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும், சேமிப்பிடத்தில் வெப்பம் ஐந்து டிகிரி குறைந்தால் மறுபடி இரட்டிக்கும் என்பது விதை நூல்களின் பழைய கணக்கு. உச்சி வெயிலில் போடாமல் காலை, மாலை வெயிலில் காய வைக்க வேண்டும். ஐப்பசி அடைமழையில் எடுத்த விதையை ஜிப் கவரில் அடைத்துக் கொடுப்பது பூசணத்தைப் பரிசாகக் கொடுப்பதுதான். கொடுக்கும் முன் இருபது விதையை ஈரத்துணியில் சுருட்டி வைத்து எத்தனை முளைக்கிறது என்று பார்ப்பது கட்டாயம். மாரியம்மன் நோன்புக்கு முளைப்பாரி போட்டதே முளைப்புத் திறன் சோதனைக்குத்தான் என்று மேடையில் ஒருவர் கட்டாயம் சொல்வார். அழகான விளக்கம். முளைப்பாரி போடும் பெண்களிடம் கேட்டால் அவர்கள் ஆத்தாளுக்காகப் போடுவதாகத்தான் சொல்கிறார்கள். அது போதாதா?

மருந்துக்கு வருவோம். கொங்குக்கு இதில் தனிச் சொத்து ஒன்று உண்டு. காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரத்துக் கொறங்காடு. கிளுவை வேலி அடைத்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக மாட்டுக்கு விட்ட மேய்ச்சல் நிலம். அந்த வேலியிலும் ஓரத்திலும் பிரண்டை, முடக்கத்தான், தூதுவளை, சீந்தில், ஆவாரை, தும்பை, குப்பைமேனி எல்லாம் தன்னால் வளரும். பயிலரங்கில் மருந்துச் செடி காட்ட வேண்டுமென்றால் மேசையில் பரப்புவதைவிட கொறங்காட்டு வேலியோரம் நடத்திக் கூட்டிப் போவதுதான் சரி, செடியை அதன் பக்கத்துச் செடிகளோடு பார்த்தால்தான் இனம் தெரியும்.

இனம் தெரியாததால் வரும் குழப்பம் கொஞ்சமல்ல. சாலை நடுவிலும் வீட்டு முகப்பிலும் அழகுக்கு வைக்கிற, மஞ்சள் பூப்பூத்துப் படரும் வெளிநாட்டுக் கொடியை மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று பறித்துக் கீரையாகக் கடைபவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் உறவுதான், ஒன்றல்ல. கீழாநெல்லியும் அப்படி. இலைக்காம்பைத் திருப்பிப் பார்த்தால் அடியில் வரிசையாகச் சின்னக் காய்கள் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே போலக் காய்க்கிற நெருங்கிய சாதிகள் வயலோரத்தில் ஒன்றிரண்டு கலந்தே முளைக்கும் என்பது பலருக்குத் தெரியாது.

கீழாநெல்லியைப் பற்றி அறிவியல் ஒன்றுமே பார்க்கவில்லை என்று சொல்வதும் சரியில்லை. 1988இல் சென்னையில் நடந்த ஆய்வு, நோபல் பரிசு பெற்ற புளூம்பர்க் உட்பட்டவர்களின் பெயரில் லான்செட் இதழில் வந்தது. மஞ்சள் காமாலை பி (ஹெபடைடிஸ் பி) கிருமியைச் சுமப்பவர்களில் கீழாநெல்லி கொடுக்கப்பட்டவர்களில் 59 சதவீதம் பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்ததாக அது சொன்னது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்த முடிவு திரும்பக் கிடைக்கவில்லை. பயிலரங்கில் கதையின் முதல் பாதி மட்டும் சொல்லப்படும். சாதாரணக் காமாலை பெரும்பாலும் ஓய்விலேயே சரியாகிவிடும், பேர் கீழாநெல்லிக்குப் போகும். பித்தப்பைக் கல்லிலும் எலிக்காய்ச்சலிலும் வருகிற மஞ்சள் கண் அப்படிச் சரியாகாது. பச்சிலை குடித்துக்கொண்டு பத்து நாள் காத்திருப்பவர் அந்தப் பத்து நாளைத்தான் இழக்கிறார்.

அதனால் வீட்டுக் கைமருந்து வகுப்புக்கு என் அளவுகோல் சுருக்கமானது. சமையலறையில் ஏற்கெனவே உணவாகப் புழங்குவதோடு நிறுத்திக்கொள்ளலாம். சுக்கு, மிளகு, சீரகம், ஓமம், மஞ்சள், கொள்ளு ரசம், தூதுவளைத் துவையல், முடக்கத்தான் தோசை, மூக்கடைப்புக்கு நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கும் வேது. (வேது பிடிக்கும் கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோகும் குழந்தைகள் உண்டு; பாத்திரம் தரையில் இருக்கட்டும்.) பிரண்டையை உரிக்கையில் கையில் நல்லெண்ணெய் தடவுவது, புளி சேர்த்து நன்றாக வதக்குவது, சோற்றுக்கற்றாழையில் மஞ்சள் நிறப் பாலை வடியவிட்டுச் சோற்றை ஏழு தண்ணீரில் கழுவுவது போன்ற பக்குவங்கள் அழகுக்குச் சொல்லப்பட்டவை அல்ல. முதலாவது அரிப்பைத் தடுக்கிறது, கடைசியது கடும் பேதியை.

அதற்கு வெளியே உள்ளதை 'இயற்கைதானே' என்று கையில் எடுத்துக் கொடுக்கக் கூடாது. ஆடாதோடை நல்ல மருந்து. அதிலுள்ள வாசிசினைப் பின்பற்றித்தான் சளி இளக்கும் புரோம்ஹெக்சின் மாத்திரையே வந்தது. அதே பொருள் கருப்பையைச் சுருங்கச் செய்யும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. கரிசல் காட்டில் படர்கிற ஆடுதின்னாப்பாளையைப் பூச்சிக்கும் விஷக்கடிக்கும் சொல்வார்கள். அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை அழிப்பதோடு புற்றுநோயும் தரும் என்பது உலக அளவில் உறுதியான விஷயம். சீந்தில் கொடியைக் கொரோனா காலத்தில் தினமும் காய்ச்சிக் குடித்தவர்களில் ஈரல் பாதிப்பு கண்டதாக மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள், ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. வாதம் எப்படி முடிந்தாலும், நாலு மாதம் தொடர்ந்து குடிக்கிற பொருளாக அதைப் பயிலரங்கில் பரிந்துரைக்க வேண்டியதில்லை. நிலவேம்புக் குடிநீர் ஒன்பது சரக்கு சேர்ந்த சித்த மருந்து. சித்த மருத்துவர் தருகிற வழியில் குடிக்கலாம். டெங்குக் காய்ச்சலில் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட அது காரணமாகக் கூடாது.

கொங்கின் மிகப் பெரிய மருந்துப் பயிரே வீட்டில் தொடக் கூடாத பயிர்தான் என்பதையும் சொல்லிவிடலாம். மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி, ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக் கிழங்கு பயிரிடுகிறார்கள். நம் மாநில மலரான செங்காந்தள்தான் அது. கொடியேற்றி வளர்த்து, காலையில் ஆள் வைத்துப் பூப்பூவாகக் கையால் மகரந்தம் சேர்த்து, காய் முற்றியதும் விதையைப் பிரித்தெடுத்து விற்பார்கள். விதையிலிருந்து எடுக்கும் கோல்சிசின் மூட்டுவாத வகை ஒன்றுக்கு மருந்தாகப் போகிறது. அதன் மருந்தளவுக்கும் கொல்லும் அளவுக்கும் நடுவில் இடம் மிகக் குறைவு. கிழங்கைத் தின்று செத்தவர்கள் இந்தப் பகுதியில் புதிதல்ல. கையால் சூல் சேர்க்கும் நுணுக்கம் கைவந்த தொழிலாளிகள் இங்கே ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சுரைப் பூ கட்டச் சொல்லிக் கொடுக்க அவர்களை அழைத்தால் என்ன என்று எனக்கு அடிக்கடித் தோன்றும்.

அளவு எழுதிக் கைமருந்து சொல்லிக் கொடுப்பது எப்படி என்பதற்கு மாட்டு மருந்துதான் முன்மாதிரி. பால் மாட்டின் மடிவீக்கத்துக்குத் தமிழ்நாடு கால்நடைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி முன்னெடுத்த மூலிகை முறையைத் தேசிய பால்வள வாரியமும் பரப்புகிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, பாலைக் கறந்து மடியைக் கழுவியபின் பூச வேண்டும். ஒரு நாளுக்குப் பத்து முறை வரை, ஐந்து நாள். பொருள், எடை, எத்தனை முறை, எத்தனை நாள் எல்லாம் இருக்கிறது. 'ஒரு கைப்பிடி', 'கொஞ்சமா' என்ற பேச்சே இல்லை. மாட்டுக்கு இத்தனை கறாராக இருக்கிற நாம் மனிதருக்குக் கொடுக்கும்போது கைப்பிடிக் கணக்குக்குப் போய்விடுகிறோம்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் 2001, தன் விளைச்சலில் விதை எடுக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, பகிர, விற்க விவசாயிக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை அதன் பெயரிட்ட பொட்டலமாக விற்பது மட்டும் கூடாது. 2019இல் உருளைக்கிழங்கு ரகம் ஒன்றுக்காகக் குஜராத் விவசாயிகள் மீது பெப்சிகோ வழக்குப் போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றது நினைவிருக்கலாம். விதை விற்பனையைத் தொழிலாக நடத்துபவர்களுக்கு 1966ஆம் ஆண்டு விதைச் சட்டமும் 1983ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணையும் உண்டு. சான்று வாங்க வேண்டுமென்றால் அதற்கான துறையின் தலைமையகம் கோவையிலேயே இருக்கிறது. மருந்தில் சட்டம் இன்னும் இறுக்கம். தன் வீட்டுக்குக் காய்ச்சிக் குடிப்பதை யாரும் கேட்கமாட்டார்கள். சித்த மருந்து என்று பெயர் போட்டு விற்க 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். சர்க்கரையை, புற்றுநோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பயிலரங்கு முடிவில் மேசை போட்டு விற்கிற பொடிகளில் பல இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கின்றன.

கடைசியாக, நாள் குறிப்பதைப் பற்றி. ஆடிக்கு முன் கூட்டம் சேர்வது இயல்பு, எல்லோருக்கும் விதை வேண்டியிருக்கிறது. ஆனால் விதை எடுக்கும் வேலை தையிலும் மாசியிலும்தான் வருகிறது. அப்போதுதான் அவரை நெற்று காயும், சுரை குலுங்கும், கத்திரி மஞ்சளாகும். அந்த மாதங்களில் பயிலரங்கு மிகக் குறைவு. ஆடியில் பொட்டலம் வாங்கிப் போனவர் மாசியில் கையில் என்னவாவது கொண்டு வந்தாரா என்று பார்க்க ஆளில்லை. ஒரு பங்கு வாங்கினால் இரண்டு பங்கு திருப்ப வேண்டும் என்ற விதை வங்கி வழக்கத்தை நோட்டுப் போட்டு நடத்தும் குழுக்கள் இரண்டாம் கூட்டத்தை மாசியில் வைத்துக்கொள்ளலாம். விதை, முளைப்புக் கணக்கு, எந்தத் தோட்டத்தில் எந்த ரகம் பக்கத்தில் நின்றது என்ற குறிப்பு, மூன்றையும் அன்றைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். சுரை கொண்டு வருபவர் ஒரு பிஞ்சுக் காயும் சேர்த்துக் கொண்டு வரட்டும். நுனியில் ஒரு துண்டு நறுக்கி நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் துப்பிவிட்டு, அந்தக் கொடியின் விதையை நோட்டில் அடித்துவிடலாம்.